கருமருந்துக்குக் காசு, வந்தது வேறு பொடி: 214 டாலர் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், குறிப்பாக இங்கே பென்சில்வேனியாவில் இருக்கும் நம் ஆட்கள், படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

என்னுடையது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி: கல்லின் பொறி வெளியே கிண்ணியில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ குழலுக்குள் போய்ச் சுடும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதற்கென்றே ஒரு மான் வேட்டைக் காலம் வரும். அதற்கு அசல் கருமருந்து (பிளாக் பவுடர் என்ற பழைய வெடிமருந்து) வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் அது வெடிபொருள் என்பதால் பக்கத்துக் கடைக்காரர்கள் தொடுவதே இல்லை. 2021-ல் லூசியானாவின் மிண்டனில் உள்ள கருமருந்து ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். (பிறகு மாடல் ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் அதை வாங்கியது.)

சரி, வேட்டைச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடையின் சாட்டில் கேட்டேன். அந்த ஆள் முதலில் கேட்டதே, "கல்லா, கேப்பா? என்ன காலிபர்?" என்றுதான். (கேப் என்றால் கல்லுக்குப் பதில், தட்டினால் தீப்பிடிக்கும் சின்ன மூடி.) 50 (அரை அங்குலத் துளை) என்றதும், "அப்படியென்றால் குழலுக்கு இரண்டு எஃப், கிண்ணிக்கு நாலு எஃப்" என்றார். (எஃப் கூடக் கூட மருந்துத் துகள் பொடிசு.) இவ்வளவு விவரம் தெரிந்த ஆள் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? கிண்ணிக்கு என்னிடம் இருந்தது. இரண்டு எஃப் ஐந்து கேன், அபாயப் பொருள் கட்டணம் சேர்த்து 214 டாலர்.

வந்ததோ கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்றுப் பொடி. பில்லின் அடியில் எறும்பு எழுத்தில், "இருப்பு இல்லாததால் இணையான பொருள்". போன் செய்தால், "ஒன்றும் வித்தியாசம் இல்லை சார், சுட்டுப் பாருங்கள்."

சுட்டேன். கல் இரும்பில் உரசி, கிண்ணி பொசுக்கென்று எரிந்து, முகத்தருகே புகை. குழலுக்குள் சத்தமே இல்லை. இலக்கை விட்டுக் குழலைத் திருப்பாமல் காத்திருந்துவிட்டு, மறுபடி கிண்ணி நிரப்பினேன். அதே கதை. கடைசியில் குண்டை ஸ்க்ரூ போட்டு இழுக்க வேண்டியதாயிற்று. இந்த மாற்றுப் பொடிகள் பற்றிக்கொள்ளக் கருமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். கேப் துப்பாக்கிக்குச் சரி; கிண்ணித் தீ பெரும்பாலும் போதாது. சாட்டில் அத்தனை பேசியவருக்கு இது தெரியாதாம்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "கல்லை மாற்றுங்கள்." மாற்றினேன். "அடியில் கொஞ்சம் அசல் கருமருந்து போட்டு மேலே இதைக் கெட்டியுங்கள்." அடப்பாவிகளா, அந்தக் கருமருந்துக்குத்தானே 214 டாலர் கொடுத்தேன்! கடைசியாக, "அபாயப் பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒரு வரி மெயில். புகாரையும் மூடிவிட்டார்கள். 214 டாலர்.

என்னென்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. "இருப்பு இல்லையென்றால் ரத்து செய், மாற்று அனுப்பாதே" என்று எழுத்தில் வாங்குங்கள். மாற்றுப் பொடியைக் கருமருந்தின் எடைக்கு நிறுத்துப் போடாதீர்கள். அது லேசானது, மருந்து கூடிப்போகும். அளவைக் குப்பியால் அளந்து, கேனில் உள்ளபடி போடுங்கள். மூடி திறந்த கேனை யார் கொடுத்தாலும் வேண்டாம். இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்து உள்ளே இருந்தால் குழலே வெடித்துவிடும்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று.