தனிப் பாடவேளையா, பாடத்தோடு பாடமாகவா?

சமூக, மனவெழுச்சிக் கற்றலைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்று முடிவானதும் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி இதுதான்: கால அட்டவணையில் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குவதா, இருக்கிற பாடங்களுக்குள்ளேயே கலந்துவிடுவதா? இரு வழிக்கும் உள்ளடக்கம் ஒன்றே. இந்தக் கற்றலுக்காகவே 1994இல் தொடங்கிய காசெல் (CASEL) என்ற அமெரிக்க அமைப்பு வகுத்த ஐந்து திறன்களை இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறர் நிலை உணர்தல், உறவு பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். பிள்ளைகள் இவற்றை எப்போது, யாரிடம், எத்தனை தடவை பழகுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

தனிப் பாடவேளை வாரம் ஒருமுறை, 30 அல்லது 40 நிமிடம். இதன் பெரும்பலம் வரிசை. உணர்வுக்குப் பெயர் வைக்கத் தெரிந்த பிறகே அதை அடக்கி ஆளவும், அடுத்தவரிடம் எடுத்துச் சொல்லவும் முடியும். பல பிள்ளைகளுக்கு "ஒரு மாதிரியா இருக்கு" என்பதைத் தாண்டி வார்த்தை வராது. எரிச்சல், கோபம், ஆத்திரம் மூன்றையும் கரும்பலகையில் ஏறுவரிசையில் எழுதி, ஒவ்வொன்றிலும் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பேச்சு தானாகப் பிறக்கும். கவலை, பதற்றம், தவிப்பு என்று அடுத்த வாரம். நம் மொழியில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. பயன்படுத்தத்தான் வேளை வேண்டும்.

ஆய்வும் இந்தப் பக்கம் ஓரளவு சாய்கிறது. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 213 திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. கல்வி அடைவில் கிடைத்த முன்னேற்றம், நூறு பேர் வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் 11 இடம் முன்னே நகர்வதற்குச் சமம். பலன் தந்த திட்டங்களில் நான்கு கூறுகள் இருந்தன: படிப்படியான வரிசை, செய்து பழகுதல், இதற்கென்றே ஒதுக்கிய நேரம், எந்தத் திறன் என்ற தெளிவு. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: வெளியாட்கள் வந்து நடத்திய இடங்களில் மதிப்பெண் உயரவில்லை; பள்ளி ஆசிரியர்களே நடத்திய இடங்களில்தான் உயர்ந்தது.

தனிப் பாடவேளையின் பலவீனம், மணி அடித்ததும் அது முடிந்துவிடுவது. ஐக்கிய இராச்சியத்தில் 85 பள்ளிகளில், 11 வயதைத் தாண்டிய மாணவர்களுக்கு மனக்கவனப் பயிற்சியை (இந்தக் கணத்தில் நடப்பதில் கவனத்தை நிறுத்தும் பயிற்சி) தனிப் பாடமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் நன்மை தெரியவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே அதைப் பழகவே இல்லை.

கலந்து கற்பிப்பது அந்த இடைவெளியை நிரப்புகிறது. விடைத்தாள் திருப்பித் தரும் நாளை எடுத்துக்கொள்வோம். தாளைக் கையில் வாங்கியதும் மதிப்பெண் இருக்கும் மூலையை மடித்துக்கொள்ளும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. கணக்கு ஆசிரியர் அன்று ஆறு நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் நிமிடம், இப்போது மனதில் இருப்பதை ஒரே வார்த்தையில் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்வது. யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். அடுத்த மூன்று நிமிடம், தவறிய ஒரு கணக்கைத் தேர்ந்து எந்த வரியில் வழுக்கியது என்று பக்கத்தில் இருப்பவரோடு தேடுவது. கடைசி இரண்டு நிமிடம், அடுத்த முறை செய்யப்போகும் ஒரே மாற்றத்தை எழுதுவது. தன்னை அறிதலும் தன்னை ஆளுதலும் கணக்குப் பாடத்துக்குள்ளேயே பழகப்படுகின்றன.

ஆனால் கலந்து கற்பிப்பதை மட்டும் நம்பினால், எல்லார் பொறுப்பும் யார் பொறுப்பும் இல்லாமல் போகும். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த ஆறு நிமிடம்தான். இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் நடந்த சீல் (SEAL) என்ற சமூக, மனவெழுச்சிக் கற்றல் திட்டம், எதை எப்படிச் செய்வது என்பதைப் பெரும்பாலும் பள்ளிகளிடமே விட்டது. 2010இல் வந்த மதிப்பீட்டில் மாணவர்களின் திறனிலோ நடத்தையிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

ஆகவே புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு எங்கள் பரிந்துரை: வகுப்பாசிரியரே நடத்தும் 30 நிமிடப் பாடவேளை வாரத்துக்கு ஒன்று. அந்த வாரத் திறனை மற்ற ஆசிரியர்கள் நாளுக்கு ஒரே ஓர் இடத்தில், முன்கூட்டியே பாடக்குறிப்பில் எழுதி, பயன்படுத்த வேண்டும். குறிப்பில் எழுதாதது வகுப்பில் நடக்காது.

ஆசிரியர் பயிற்சியிலும் இதே போட்டிதான்: ஒருநாள் பயிலரங்கா, வகுப்பறைக்கே வரும் வழிகாட்டலா? இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. பயிலரங்கு கருத்தைத் தரும், பழக்கத்தைத் தராது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் 20 நிமிடம் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குறித்து வரட்டும். உதாரணமாக, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பதை. அன்றே 10 நிமிடம் பேசிவிட வேண்டும். இந்தக் குறிப்பு பணி மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகக் கூடாது. போனால் அடுத்த முறை நடிப்புத்தான் கிடைக்கும்.

ஆசிரியரின் குரல்தான் இங்கே முதல் பாடநூல். சத்தம் போட்டு "அமைதியா இரு" என்பவரிடமிருந்து பிள்ளை கற்பது சத்தத்தை. "எனக்கு இப்போ எரிச்சலா இருக்கு, அரை நிமிஷம் மூச்சு விட்டுட்டுப் பேசறேன்" என்று ஆசிரியர் சொல்லிச் செய்தால் மொத்த வகுப்பும் அதைப் பார்க்கிறது.

இரண்டு வழியிலும் ஒரேபோல் சறுக்கும் இடங்கள் உண்டு. மூச்சுப் பயிற்சியைச் சண்டை நடுவே முதன்முதலாகச் சொல்லிக்கொடுப்பது பலிக்காது. கொதிப்பில் இருக்கும் பிள்ளைக்குப் புதிதாக எதுவும் ஏறாது, அமைதியான நேரத்தில் பலமுறை பழகியதுதான் அப்போது கைகொடுக்கும். வட்டமாக உட்கார்ந்து பேசும்போது "நான் அடுத்த முறை பேசுகிறேன்" என்று விலக இடம் வேண்டும். உணர்வுக்கு மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த உணர்வையே எழுதுவார்கள்.

பேசச் சொல்லிக் கதவைத் திறந்தால், வீட்டில் நடக்கும் கொடுமையும் ஒருநாள் வெளியே வரும். அப்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யார் என்பது முதல் வகுப்பு நடக்கும் முன்பே எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.