லெகோ புலியா, பூனையா? மலையகத்து மேசைக்கு எது பொருந்தும்

வளர்ந்தவர்களுக்கு லெகோ, அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டிகள், எதற்கு என்ற கேள்விக்கு அந்த நிறுவனமே 2020இல் பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டிலிருந்து பெரியவர்களுக்கான செட்கள் 18+ என்று அச்சிட்ட கறுப்புப் பெட்டியில் வருகின்றன. ஆனாலும் எங்கள் ஹட்டன் பக்கம் பார்சலைப் பிரித்தால் "பிள்ளைக்கா அண்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்குத்தான். தேயிலை மலையில் மிருகங்களோடு பக்கம் பக்கமாக வாழ்கிறவனுக்கு மிருக செட் மேல் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விலை கொஞ்சநஞ்சமில்லை, அதனால் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது என்று பார்க்கலாம்.

என் தெரிவு 2022இல் வந்த மெஜஸ்டிக் டைகர். கிரியேட்டர் த்ரீ-இன்-ஒன் வரிசை, எண் 31129, 755 துண்டுகள். வெளியானபோது அமெரிக்க விலை சுமார் 50 டொலர். அதே துண்டுகளைக் கொண்டு புலி கட்டலாம், பிரித்துவிட்டு சிவப்புப் பாண்டா கட்டலாம், அதையும் பிரித்துக் கோய் மீன் கட்டலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான், ஆனால் பிரிக்கும்போதுதான் நிறைய விளங்குகிறது. புலியின் வரிகளைக் கிட்ட வைத்துப் பாருங்கள்: செம்மஞ்சள் தகடுகளுக்கு நடுவே கறுப்புத் தகடுகளை அடுக்கித்தான் அந்த வரி வருகிறது. உடம்பைக் கட்டக் கட்டவே தோலும் உருவாகிவிடுகிறது. கால், தலை, தாடை, வால் எல்லாம் அசையும். பதுங்க வைக்கலாம், நடக்க வைக்கலாம். தோள் மூட்டைக் கொஞ்சம் இறக்கிப் பின்னங்காலை மடக்கினால் பாயப்போகிற மிருகத்தின் கனம் அப்படியே வந்துவிடும்.

எதிர்ப்பக்கம் டக்ஸிடோ கேட், லெகோவின் கறுப்பு வெள்ளைப் பூனை. 2024இல் வந்தது, 1,710 துண்டுகள், 18+ பெட்டி, வெளியானபோது சுமார் 100 டொலர். லெகோ ஐடியாஸ் வரிசை என்பதால் இதன் ஆரம்பம் ஒரு ரசிகரின் வடிவமைப்பு. அந்த வரிசையில் ஒரு யோசனைக்கு 10,000 பேரின் ஆதரவு சேர்ந்தால்தான் நிறுவனம் அதைப் பரிசீலனைக்கே எடுக்கும். உட்கார்ந்த நிலையில் ஒரு அடிக்கு மேல் உயரம். கண்ணை மஞ்சளாகவோ நீலமாகவோ மாற்றலாம், வாயைத் திறந்தோ மூடியோ வைக்கலாம். கணக்குப் பார்த்தால் ஒரு துண்டு 6 சதத்துக்கும் குறைவு, புலியில் அது 6.6 சதம். ஆக காசுக்குத் துண்டு என்றால் பூனைதான் லாபம். அலுமாரி மேல் வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு கணம் நிஜப் பூனை என்றே நினைப்பார்கள். ஆனால் கட்டி முடித்ததும் அதன் கதை முடிந்துவிடுகிறது. பெரியவர் விளையாடுவதற்காக வாங்குகிறார் என்றால் அது எனக்குப் போதாது.

மூன்றாவதாக ஜப்பானின் நானோபிளாக். கவாடா நிறுவனம் 2008இல் கொண்டுவந்தது, மிகச் சிறிய கட்டி 4×4×5 மில்லிமீட்டர். இடம் குறைந்த லயத்து அறைக்கும் சின்ன பட்ஜெட்டுக்கும் சரி. நுவரெலியா ஜனவரிக் குளிரில் விறைத்த விரலோடு அதைக் கட்டுவது மட்டும் பெரிய பாடு.

அப்புறம் நம்ம ஊர்க் காலநிலை. கட்டிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஈரம் அவற்றை ஒன்றும் செய்யாது. பூஞ்சணம் பிடிப்பது பெட்டியும் வழிகாட்டிப் புத்தகமும்தான். புத்தகம் போனாலும் லெகோ தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வெயில்தான் கவலை. உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் கடுமையாகும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல். பூனையின் வெள்ளைத் துண்டுகள் மஞ்சளித்துப் போகாமலிருக்க ஜன்னலோரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் புலியைத் தெரிந்தெடுக்க இன்னொரு காரணம் சிறுத்தை. இலங்கையில் காட்டுப் புலி கிடையாது. இங்கே காட்டின் தலைமை வேட்டை மிருகம் சிறுத்தைதான், தேயிலை மலைக்குள்ளும் அது நடமாடுகிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில் மாட்டிச் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாளில் இறந்துபோனது. அந்த மிருகத்தை என் மேசையில் நிற்க வைக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

கருஞ்சிறுத்தைக்குப் பூனை செட்டின் கறுப்புத் துண்டுகள் தாராளமாகப் போதும். ஆனால் உட்கார்ந்த பூனையில் நடக்கிற காலுக்கு மூட்டு கிடையாது. புலி செட்டில் மூட்டு இருக்கிறது. எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு வரித் தகடுகளைக் கழற்றிவிட்டு, மேலே ஒரே ஒரு குமிழ் உள்ள சின்ன வட்டத் தகடுகளைக் கறுப்பில் பதித்தால் புள்ளிச் சிறுத்தையின் தோல் வரத் தொடங்கும். செம்மஞ்சள் மட்டும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். முதுகுக்கும் விலாவுக்கும் மணல் நிறத் தகடுகள் வாங்கி மாற்ற வேண்டும். பிரிக்லிங்க் தளத்தில் இவற்றைத் தனித்தனியாக, நிறம் பார்த்து வாங்கலாம். தபால் செலவு துண்டு விலையை விட அதிகமாகிவிடும் என்பதால், ஆர்வமுள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஓர்டராகப் போடுவது நல்லது.