18,500 ரூபாய்க்கு ஒட்டு லேபிள்: நாதஸ்வர ரிக்கார்டு தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எனக்குப் பழைய ரிக்கார்டு விற்ற ஆள் நேற்று ராத்திரி என் நம்பரை முடக்கிவிட்டான். ஒன்பது நாளாக "நாளைக்கு", "செவ்வாய்க்கிழமை", "அம்மாவுக்கு முடியலை" என்று இழுத்தவன், கடைசியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டான். போனது 18,500 ரூபாய். பழைய 78 ரிக்கார்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற தட்டு) சேர்க்கிறவர்கள், அதிலும் நாதஸ்வரத் தட்டு தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். எப்படி ஏமாறாமல் வாங்குவது என்று விவரமாகவே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். அப்பா அந்தக் காலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாணமோ சடங்கோ கோயில் கொடையோ, மரத்தில் குழாயைக் கட்டியதும் முதல் ரிக்கார்டு நாதஸ்வரம்தான். அதிலும் காருகுறிச்சி அருணாசலம் இல்லாமல் அவருக்கு விடியாது. காருகுறிச்சி எங்களுக்கு வெளியூர் இல்லை. வீரவநல்லூர் தாண்டினால் வந்துவிடும். 1964இல் அவர் காலமானபோது வயது நாற்பத்துச் சொச்சம்தான். நாட்டுக்கெல்லாம் அவரைத் தெரிவது 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்த 'சிங்காரவேலனே'யால். அப்பா அதையும் கேட்பார். ஆனால் "அது பாட்டுக்கு வாசிச்சது. ராகத்தைத் தனியா வாசிச்ச தட்டைக் கேளு" என்பார்.

அந்தத் தட்டுகள் எதுவும் இப்போது எங்களிடம் இல்லை. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது பின்கட்டில் தண்ணீரும் சேறும் ஏறி அலமாரி சாய்ந்தது. 78 ரிக்கார்டு அரக்கில் செய்தது. தண்ணீரைக்கூடத் தாங்கும், விழுந்தால் தாங்காது. முக்கால்வாசி அன்றைக்கே நொறுங்கியது. மிச்சம் கேசட் காலத்தில் எங்கெங்கோ போனது. அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் போட்டுக் காட்டினால் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, தட்டுல கேக்கணும்லா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏழெட்டு வருஷமாகத் தேடுகிறேன். பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி, மோட்டாரை நானே சரிசெய்து, 78க்கான அகலமான ஊசியும் தனியாக வரவழைத்து வைத்திருக்கிறேன். பிற்காலத்து பிளாஸ்டிக் தட்டான எல்பிக்கு உள்ள ஊசியை வைத்து 78ஐ ஓட்ட முடியாது, இரைச்சல்தான் வரும்.

போன மாதக் கடைசியில், பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் அந்த விளம்பரம் வந்தது. பத்து அங்குலத் தட்டுகள் 11. அதில் நான்கு காருகுறிச்சி. இரண்டு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, அதில் ஒன்று தோடி ராகம். நாதஸ்வரம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைவாள் 1956இல் போனார். இன்றைக்கும் தோடி என்றால் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். அவருடைய சிஷ்யர்தான் அருணாசலம். குருவும் சிஷ்யரும் ஒரே கட்டுக்குள். விலை 22,000 என்று போட்டிருந்தான். படத்தில் சிவப்புப் பூப்போட்ட மேஜை விரிப்பின் மேல் தட்டுகள் வரிசையாக இருந்தன, லேபிள் எல்லாம் பளிச்சென்று. அந்தப் பளிச்சிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

போன் பண்ணினேன். எடுத்ததுமே, "அண்ணாச்சி, கல்லிடையா? எங்க ஆச்சி ஊரு அம்பாசமுத்திரம்லா" என்றான். இப்போது சென்னையில் இருப்பதாகவும், தாத்தா வீட்டு மச்சிலிருந்து எடுத்த தட்டுகள் என்றும் சொன்னான். பேச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு. அப்பாவைப் பற்றி விசாரித்தான். வெள்ளத்தில் தட்டு போன கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்பாவுக்குன்னு சொல்லுதிய, நான் என்ன லாபமா பாக்கப் போறேன், 18,500 குடுங்க" என்றான். நான் கேட்காமலே விலையைக் குறைத்தான்.

அதற்கு அடுத்து செய்ததுதான் என்னை விழத்தட்டியது. "இருங்க அண்ணாச்சி, தோடியைப் போடுதேன், கேளுங்க" என்று போனை வைத்துவிட்டுப் போனான். கடகடவென்று ஏதோ சத்தம், அப்புறம் நாதஸ்வரம். தோடியேதான். நான் ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் காதருகே வைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆறு நிமிஷம் கேட்டிருப்போம். முடிந்ததும் அப்பா, "வாங்கிருலே" என்றார். அவ்வளவுதான், எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு நிமிஷம். பத்து அங்குல 78 ஒரு பக்கம் மூன்று நிமிஷமும் சொச்சமும்தான் ஓடும். அதற்கு மேல் வேண்டுமானால் தட்டைத் திருப்பித்தான் போட வேண்டும். அவன் திருப்பவே இல்லை. அரக்குத் தட்டில் ஊசி ஓடினால் அடியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதுவும் இல்லை. இணையத்தில் இருக்கிற பதிவைத்தான் போனருகே வைத்து ஓட்டியிருக்கிறான். சின்ன வயதிலிருந்து தட்டு மாற்றி மாற்றி வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னான்: "எல்லாத் தட்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன், கண்ணாடி மாதிரி இருக்கு." ஆசாரிகள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள். 78 தட்டில் ஸ்பிரிட் பட்டால் பாட்டுப் பதிந்த பள்ளமே கரைந்துவிடும். இந்தத் தட்டுகளைத் தொட்டுப் பழகியவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

பணத்தைச் செயலி வழியாகக் கட்டுகிறேன் என்றேன். "அதுல கமிஷன் பிடிச்சிருவான் அண்ணாச்சி, நமக்குள்ள என்ன, நேரா அனுப்பிருங்க" என்றான். அனுப்பினேன். 18,500 ரூபாய், ஒரே தவணையில். இரண்டு மாதம் காயில் கட்டிச் சேர்த்த பணம்.

பார்சல் வந்தது அடுத்த வாரம். அம்பாசமுத்திரம் பார்சல் ஆபீஸில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மிக்சி வந்த அட்டைப்பெட்டி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு செய்தித்தாள் சுற்றி, பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டிருந்தான். பெட்டியை அசைத்தாலே உள்ளே ஓட்டுச் சில்லு மாதிரிச் சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியை டர்ன்டேபிள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், சட்டை மாற்றிக்கொண்டு.

ஐந்து தட்டு உடைந்திருந்தது. சரி, மிச்சம் ஆறு தட்டாவது இருக்கிறதே என்று தோடி என்று போட்டிருந்ததை எடுத்து வைத்தேன். ஏதோ இந்திப் பாட்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிறார்கள். தவறி மாறி வந்திருக்கும் என்று அடுத்ததைப் போட்டேன். அதுவும் இந்தி. அப்பா என்னிடமிருந்து தட்டை வாங்கி, லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஏல, இது ஒட்டினதுலா" என்றார்.

அசல் தட்டில் லேபிளை ஒட்டுவதே கிடையாது. தட்டை அச்சில் அழுத்தும்போதே லேபிளையும் வைத்துச் சூட்டோடு அழுத்திவிடுவார்கள். விரலுக்கு விளிம்பு தட்டுப்படாது. இதில் தட்டுப்பட்டது. ஈரத்துணியை ஐந்து நிமிஷம் வைத்தேன். கொலம்பியா லேபிள் முழுசாக உரிந்து வந்தது, கலர் ஜெராக்ஸ். அடியில் வேறு லேபிள், இந்திப் படத்துப் பெயரோடு. ஆறுமே அப்படித்தான்.

உடைந்த ஐந்தில் நான்கும் இதே கதை. ஒன்று மட்டும் அசல். காருகுறிச்சி அருணாசலம், லேபிளில் இருந்த எண்ணும் பக்கத்தில் அரக்கில் பதிந்திருந்த எண்ணும் பொருந்தின. மூன்று துண்டு. ஒரே ஒரு தட்டை உண்மையாக வைத்திருந்தவன் அதையாவது இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கலாம். அப்பா அந்த மூன்று துண்டையும் மேஜையில் பொருத்தி வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. 18,500 போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே போன் பண்ணினேன். முதலில், "அப்படியா அண்ணாச்சி? பார்சல்காரன் மாத்திட்டான் போல" என்றான். பார்சல்காரன் எப்படி லேபிள் ஒட்டுவான் என்று கேட்டேன். "தாத்தா காலத்துத் தட்டு, அவரு என்ன பண்ணாரோ" என்றான். மறுநாள் பணத்தைத் திருப்பித் தருகிறேன், செவ்வாய்க்கிழமை போடுகிறேன் என்றான். செவ்வாய் போய் புதன் வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். அதை நம்பி, நான் இரண்டு நாள் தொந்தரவு செய்யாமல் இருந்தேன். அப்புறம் பாதிப் பணம் தருகிறேன், தட்டை முதலில் திருப்பி அனுப்புங்கள் என்றான். அப்புறம் செய்திக்கு நீல டிக் விழும், பதில் வராது. நேற்று அதுவும் இல்லை.

செயலியின் உதவி மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை. அந்த ஆளின் விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன். "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று வந்தது. என்ன முடிந்தது? வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள். இன்று காலையில் 1930க்குப் போன் பண்ணி சைபர் குற்றப் புகார் கொடுத்து, எண் வாங்கியிருக்கிறேன். பணம் போன அன்றைக்கே பண்ணியிருந்தால் கணக்கை நிறுத்த வாய்ப்பு அதிகம். அவனுடைய ஆஸ்பத்திரிக் கதையை நம்பி ஒன்பது நாளைக் கோட்டைவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஜாஸ் எல்பி சேர்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் ப்ளூ நோட் கம்பெனித் தட்டு வாங்கும்போது, பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டரின் முத்திரையும், தட்டு அச்சிட்ட ஆலையின் காது போன்ற குறியும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பார். லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், தட்டில் பதிந்ததை மாற்ற முடியாது என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். தோடியைக் கேட்டதும் அதெல்லாம் மறந்துபோனது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும். செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எந்த ஊர்ப் பேச்சு பேசினாலும். லேபிள் பக்கத்தில் பதிந்த எண்ணைக் கிட்டத்தில் படம் கேளுங்கள், லேபிளில் அச்சான எண்ணோடு ஒத்துப் பாருங்கள். போனில் போட்டுக் காட்டினால் போதாது, வீடியோவில் வரச்சொல்லி, நீங்கள் சொல்கிற தட்டை உங்கள் கண்முன் ஊசி வைக்கச் சொல்லுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே 1930.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகன் வந்து காட்டினான். வேறு பெயரில் அதே ஆள் புது விளம்பரம் போட்டிருக்கிறான். இந்தத் தடவை வீணைத் தட்டுகள், ஒன்பது, விலை 16,000. தாத்தா வீட்டு மச்சு என்றுதான் எழுதியிருக்கிறான். விரிப்பு அதே விரிப்பு: வெள்ளைத் துணியில் சிவப்புப் பூ, இடது மூலையில் டீ கிளாஸ் வைத்த கறை. அந்தக் கறையைப் பார்த்தால் பணம் போடாதீர்கள்.