மே மாதம் ஆர்.வி. எடுத்து அப்பா அம்மாவைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் மதுரையிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு ஜூன் கடைசியில் இங்கே தங்க அனுமதித்த ஆறு மாதம் முடிகிறது, அதற்குள் கிராண்ட் கேன்யனையும் யெல்லோஸ்டோனையும் காட்டிவிட வேண்டும் என்று மே நடுவில் மூன்று வாரத்துக்கு 25 அடி ஆர்.வி. ஒன்றை, அதாவது படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை, வாடகைக்கு எடுத்தோம். இங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இதே கணக்கில்தான் மே, ஜூனில் கிளம்புகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். வழக்குப் போட்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

பதிவு செய்யப்போன அன்றைக்கு இரண்டே விஷயம்தான் கேட்டேன். மே மாதம் டெக்சாஸின் வடமேற்கில் இருக்கிற அமரில்லோ வழியாகப் போனால் ஆலங்கட்டி மழை, டொர்னாடோ என்கிற சூறாவளிச் சுழல் தொல்லை இருக்காதா? ஆலங்கட்டி விழுந்து வண்டி அடிவாங்கினால் யார் கட்டுவது? அங்கிருந்தவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், மே தான் அருமையான மாதம், ஜூன் பாதியில் கூட்டமும் வாடகையும் ஏறிவிடும், ஒரு நாளைக்கு 39 டாலர் கூடக் கட்டி முழுப் பாதுகாப்பு எடுத்துக்கொண்டால் ஆலங்கட்டி உட்பட எல்லாம் அடங்கிவிடும் என்றார். போகிற போக்கில் மொன்டானாவில் இருக்கிற கிளேசியர் பார்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கே மலைமேல் போகிற முக்கியமான சாலை பனி அள்ளி முழுசாகத் திறக்க வழக்கமாக ஜூன் கடைசி, ஜூலை ஆகிவிடும் என்பதும், திறந்தாலும் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை அந்தப் பகுதியில் விடமாட்டார்கள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் அவர் சொன்ன மற்றதையும் நம்பியிருக்க மாட்டேன்.

டெக்சாஸின் வடமேற்கு மூலை, ஓக்லஹோமா, கன்சாஸ் இந்தப் பக்கத்துக்கெல்லாம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் பெரிய இடிமழைக் காலம், அதில் மே தான் உச்சம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கே மேட்டுநிலத்திலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கிற இடம் இது, மதியம் வரை வெயில் அடித்துவிட்டு மூன்று நான்கு மணிக்கு மேல் மேகம் திரண்டு எழும். நாங்கள் அமரில்லோவுக்குப் போகிற 287-ஆம் எண் சாலை இதற்கு நடுவில்தான் போகிறது. வருடம் முழுக்க அங்கே வண்டி வாடகைக்கு விடுகிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது.

வண்டி எடுக்கப்போனபோது அப்பாவும் வந்தார். அரசு பஸ் டிப்போவில் பாடி கட்டுகிற பிரிவில் முப்பது வருடம் இருந்தவர், பின்னால் இருந்த ஏணியில் விறுவிறுவென்று ஏறிக் கூரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மூடியச் சுத்தி அப்பியிருக்கிற பசை வெடிச்சுப்போய்க் கெடக்கே, மழை பெஞ்சா ஒழுகுமேப்பா" என்றார். தாத்தா ஏணியில் ஏறுவதைப் பார்த்து என் மகள் என் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஊழியரிடம் கேட்டேன், அது வெறும் மேல்பூச்சு, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் எடுத்த படங்களில் நான்கு பக்கமும் இருந்தது, டயர் இருந்தது, கூரை மட்டும் இல்லை. ஒப்பந்தம் டேப்லெட்டில் 31 பக்கம், விரலால் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பதாம் பக்கத்தைப் படிக்கவில்லை.

இதற்கு இரண்டு நாள் முன்னாடியே எனக்கு மனசு சரியில்லை. ஓக்லஹோமாவில் நார்மன் என்ற ஊரில் இருக்கிற ஸ்டார்ம் பிரெடிக்ஷன் சென்டர் என்ற அரசு வானிலை மையத்தில் எட்டு நாள் வரைக்கும் எந்தப் பக்கம் கடும் இடிமழைக்கு வாய்ப்பு என்று தினமும் வரைபடம் போடுகிறார்கள், இலவசம்தான். முதல் மூன்று நாளுக்கு ஐந்து படிநிலை உண்டு, நாங்கள் கிளம்புகிற நாளுக்கு எங்கள் வழியில் மூன்றாவது படி போட்டிருந்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு நாள் தள்ளிக்கொடுங்கள் என்றேன். பதினான்கு நாளுக்குள் தேதி மாற்ற முடியாது, வரவில்லை என்றால் கட்டிய 5,200 டாலரும் போய்விடும் என்றார்கள். கிளம்பினோம். அந்த இடத்தில் பணம் போனால் போகட்டும் என்று நின்றிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அந்தச் சாலையில் சில்ட்ரெஸ் என்ற ஊரைத் தாண்டி, ஆர்.வி.க்களை ராத்திரி நிறுத்திவைக்கிற ஒரு சின்ன ஆர்.வி. பார்க்கில் நிறுத்தியிருந்தோம். அந்த இடத்தை நடத்துகிற வயதான அம்மா வண்டி வண்டியாகத் தட்டி, எல்லோரும் குளியலறைக் கட்டடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார், அது கான்கிரீட் கட்டடம். ஆர்.வி. என்பது புயலுக்கு ஒதுங்குகிற இடமே கிடையாது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 2.6 மைல் அகலத்துக்கு வந்த டொர்னாடோவில் இறந்த எட்டுப் பேரும் வண்டிகளில் இருந்தவர்கள்தான். எங்களுக்கு டொர்னாடோ வரவில்லை, ஆலங்கட்டி வந்தது. முதலில் கோலிக்குண்டு அளவு, அப்புறம் எலுமிச்சம்பழம் அளவு, தகரத்தில் கல்லெறிகிற மாதிரி பத்து நிமிடம். அம்மா என் மகளின் காதைப் பொத்திக்கொண்டு கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் படுக்கைக்கு மேலே இருந்த மூடி உடைந்து மெத்தையில் பனிக்கட்டி கிடக்கிறது, குளியலறைக்கு வெளிச்சம் வரக் கூரையில் வைத்த மூடியில் (ஸ்கைலைட்) அப்பா காட்டிய அதே வெடிப்பு வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. சாம்பார் வைக்கக் கொண்டுவந்த பெரிய பாத்திரத்தை அம்மா அதன் கீழே வைத்தார், காலைக்குள் மூன்று தடவை ஊற்றிவிட்டு வந்தார். கம்பெனியின் அவசர எண்ணில் 50 நிமிடம் காத்திருந்து பேசினால், டேப் வாங்கி நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள், மாற்று வண்டி கிடையாது என்றார்கள். அமரில்லோவில் மூன்று நாள் போயிற்று. கிராண்ட் கேன்யன் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். யெல்லோஸ்டோன் பார்க்காமலே அப்பா அம்மா ஊருக்குப் போனார்கள்.

ஒரு விஷயம் முக்கியம். அன்றைக்கு என் போன் கத்தவே இல்லை. டொர்னாடோ எச்சரிக்கை போனுக்குத் தானாக வரும், ஆனால் ஆலங்கட்டி 2.75 அங்குலமோ காற்று 80 மைல் வேகமோ இருந்தால்தான் இடிமழை எச்சரிக்கை அப்படி வரும். அதற்குக் கீழே இருந்தால் அரசின் வானிலை ரேடியோவில்தான் கேட்க வேண்டும். அவசரப் பெட்டியில் அந்த ரேடியோ இருக்கிறது என்று பட்டியலில் போட்டிருந்தார்கள், பெட்டியில் இல்லை. தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் தினமும் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தூங்கப்போகிறீர்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ரேடியோவில் ஊர் பெயரைவிடக் கவுண்டி பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

வண்டியைத் திருப்பிக்கொடுத்த பத்தாம் நாள் 6,480 டாலருக்குப் பில் வந்தது. கூரை, மூடிகள், ஸ்கைலைட், அதோடு பன்னிரண்டு நாள் வண்டி வாடகைக்குப் போகாத நஷ்டம். 1,500 டாலர் டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் கூரை, கூரைமேல் இருக்கும் பொருள்கள், வெயில் மறைப்பு, வண்டியின் அடிப்பகுதி இதெல்லாம் பாதுகாப்பில் சேராது என்று இருக்கிறது. ஆலங்கட்டி கூரையில் விழாமல் வேறு எங்கே விழும்? என் கிரெடிட் கார்டு காப்பீடும் ஆர்.வி.க்குக் கிடையாதாம், பெரும்பாலான கார்டுகளில் அப்படித்தான்.

கைகொடுத்தது மகள் எடுத்த அந்த வீடியோ ஒன்றுதான். பழைய வெடிப்பும் அப்பா பேசுவதும் தேதியோடு பதிவாகியிருக்கிறது. அதை அனுப்பிக் கார்டு கம்பெனியில் தகராறு பதிந்ததில் டெபாசிட் திரும்பி வந்தது. மீதிப் பில்லை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். டெக்சாஸில் 20,000 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமல் அங்கே போகலாம். மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்திலும் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த தடவை ஆகஸ்டில் வரச்சொல்லியிருக்கிறோம், செப்டம்பரில் பள்ளி விடுமுறைக் கூட்டம் ஓய்ந்தபின் கிளம்பலாம் என்று. சமவெளியில் ஆலங்கட்டி வெகுவாகக் குறைந்திருக்கும், அரிசோனா பக்கத்து மழைக்காலமும் மாதக் கடைசியோடு முடியும், யெல்லோஸ்டோன் சாலைகளும் திறந்திருக்கும். வளைகுடாக் கடலோரம் பக்கம் மட்டும் போகமாட்டோம், அங்கே அப்போதுதான் ஹரிக்கேன் உச்சம். மே மாதமே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் காலையிலேயே ஓட்டி இரண்டு மணிக்குள் நிறுத்திவிடுங்கள், நிறுத்துகிற இடத்தில் ஒதுங்கக் கட்டடம் இருக்கிறதா என்று முன்பே போனில் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால், கூரையில் ஆலங்கட்டி விழுந்து சேதமானால் யார் கட்டுவது என்று மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். அடுத்த பயணத்துக்காக நான்கு கம்பெனிகளிடம் இப்படிக் கேட்டேன். மூன்று பேர் போனில் கூப்பிட்டு "கவர் ஆகும் சார்" என்று சொன்னதோடு சரி, ஒருவர்தான் எழுதிக்கொடுத்தார்.