நெற்றி விளக்கு வாங்கப் போகிறீர்களா? லூமனை விடுங்கள், செல்லைப் பாருங்கள்

இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச்சை எங்கே வைப்பது? வாயில் கவ்விப் பார்த்தாயிற்று, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இடுக்கிப் பார்த்தாயிற்று, பக்கத்தில் நிற்கும் பையனைப் பிடிக்கச் சொல்லியும் பார்த்தாயிற்று. அவன் வேடிக்கை பார்க்கும் திசைக்குத்தான் வெளிச்சமும் போகும். குமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், நிலக்கோட்டைப் பக்கம் இருட்டோடு மல்லிகை மொட்டு பறிக்கிறவர்கள், டிபி பாக்ஸுக்குள் (வீட்டுக்கு மின்சாரம் பிரியும் பெட்டி) தலையை விடும் எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் இன்று நெற்றியில்தான் விளக்கைக் கட்டுகிறார்கள். ஆனால் கடையில் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை லூமன்?", அதாவது எவ்வளவு வெளிச்சம். அந்த விளக்கு ஆறு மாதத்தில் குப்பைக்குப் போவது லூமன் போதாமல் இல்லை, செல் செத்துப்போய். அதனால் இந்த ஒப்பீட்டில் செல்தான் முதலில்.

சந்தையிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் தொங்கும் மலிவு வகையிலிருந்து தொடங்கலாம். பின்பக்கம் மடக்கிவைத்த இரண்டு பின் இருக்கும், அதை அப்படியே சுவர் ப்ளக்கில் செருக வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, அதாவது பைக் பேட்டரியின் குட்டி. இதற்குச் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடப்பது ஆகாது. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று, விளக்கு ஒரு மாதம் ஆணியில் தொங்கினால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும். அதன்பின் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடம்தான். இன்னொன்று இதைவிட மோசம். இவற்றில் பலவற்றில் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டிலிருந்து கரண்டை மட்டுப்படுத்தி நேராகப் பேட்டரிக்கு விடுகிறார்கள். சார்ஜில் இருக்கும்போது உள்ளே இருக்கும் கம்பி, சுவிட்சின் உலோகம் எல்லாமே மெயின் லைனோடு தொடர்பில் இருக்கும். ஈரக் கையோடு தொடுவதும், சார்ஜில் போட்டபடியே தலையில் மாட்டுவதும் உயிரோடு விளையாட்டு. விலை குறைவு என்பதைத் தவிர இந்த வகைக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஏதுமில்லை.

அடுத்தது டிவி ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ செல் மூன்று போடுவது. பிரான்ஸின் பெட்ஸல் நிறுவனம் 2000-இல் கொண்டுவந்த டிக்காதான் இந்த வகைக்கு வழி காட்டியது. இன்றைய டிக்காவில் மூன்று ஏஏஏ போடலாம், அல்லது அதே இடத்தில் அந்த நிறுவனத்தின் 1250 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) சார்ஜ் பேட்டரியைப் போடலாம். எடை குறைவு, மாட்டியிருப்பதே தெரியாது, செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மாதத்துக்கு நாலு தடவை ஃப்யூஸ் பார்க்கவோ மாடித் தொட்டியை எட்டிப் பார்க்கவோ இது தாராளம்.

தினமும் மூன்று மணி நேரம் வேலை என்றால் கணக்கு இடிக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏஏ ஒன்று 1.2 வோல்ட், 800 எம்ஏஎச். மூன்றும் சேர்ந்தால் 2.9 வாட்-மணி, அதாவது 1 வாட் எடுக்கும் விளக்குக்கு 2.9 மணி நேரம். 18650 என்ற அளவு லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், 3000 எம்ஏஎச், ஆக 10.8 வாட்-மணி. நல்ல எல்இடி விளக்கு 100 லூமனுக்கு ஏறக்குறைய 1 வாட் எடுக்கும். முன்னது மூன்று மணி நேரத்தைத் தொடுமுன் படுத்துவிடும், பின்னது பத்து மணி நேரம் தாங்கும். எடையோ 36 கிராமுக்கு எதிராக 47 கிராம். பதினோரு கிராம் கூடுதலாகச் சுமந்தால் மூன்றரை மடங்கு நேரம் கிடைக்கிறது.

ஏஏஏ போட்டே ஆக வேண்டும் என்றால் அல்கலைனைத் தினசரி வேலைக்குப் போடாதீர்கள். புதிதாக 1.5 வோல்ட்டில் தொடங்கி அது சரிந்துகொண்டே வரும், வெளிச்சமும் கூடவே மங்கும். கண் பழகிவிடுவதால் மங்கியது தெரியாது, கத்தி மரப்பட்டையில் ஆழமாக இறங்கும்போதுதான் தெரியும். தீர்ந்த அல்கலைனை உள்ளேயே விட்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து ஸ்ப்ரிங்கில் வெள்ளையாகப் பூக்கும். காது குடையும் பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் போகும். துடைத்தபின் நன்றாகக் காயவிட வேண்டும். நிக்கல் செல் வாங்கும்போது எனலூப் போல, சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்காத ரகமாகப் பாருங்கள். சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிப்பதாக இருக்க வேண்டும். மலிவு சார்ஜர்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்துத்தான் சார்ஜ் செய்யும், நம் விளக்கோ மூன்று செல் கேட்கிறது. மூன்றாவதை எதனோடு ஜோடி சேர்த்தாலும் ஒன்று நிறையும், ஒன்று அரைகுறையாக நிற்கும். அந்த அரைகுறைச் செல் விளக்கில் முதலில் காலியாகி, மற்ற இரண்டும் அதன் பிளஸ் மைனஸைத் தலைகீழாக்கிக் கெடுத்துவிடும். "மூணுல ஒண்ணு மட்டும் எப்பவும் போயிடுது" என்ற புகாரின் காரணம் இதுதான்.

ஆக, தினசரி வேலைக்கு எங்கள் தேர்வு கழற்றி மாற்றக்கூடிய 18650. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இதன் அண்ணன் 21700, சுமார் 70 கிராம், 4000 முதல் 5000 எம்ஏஎச் வரை. எட்டு மணி நேர ஷிப்டுக்கு அது சரி, ஆனால் குனிந்து செய்யும் வேலையில் கழுத்து கணக்குக் கேட்கும்.

18650 வாங்குவதில் ஏமாற்று அதிகம். உறையில் 6800, 9900 என்று அச்சடித்த செல்களைக் கண்டால் கடையை விட்டு நகருங்கள். நல்ல 18650 பொதுவாக 2500 முதல் 3500 எம்ஏஎச்சுக்குள்தான் இருக்கும். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள், 45 கிராம் பக்கம் வர வேண்டும். முப்பதுக்குக் கீழே போனால் உள்ளே சின்ன செல்லை வைத்து மீதியை நிரப்பியிருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லில் ஐஎஸ் 16046 முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

பிறகு நீளம். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை போகும், சில விளக்குகளில் மூடி திருகாது. சர்க்யூட் இல்லாத தட்டையான முனைச் செல்லோ, பிளஸ் பக்கம் பிளாஸ்டிக் வளையம் வைத்த விளக்கில் தொடாமலே நிற்கும். விளக்கோடு வந்த செல்லை எடுத்துப் போய்க் காட்டி, அதே முனை, அதே நீளத்தில் வாங்குவதே நல்லது.

செல்லின் பிளஸ் முனையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்கும் குமிழ்தான் பிளஸ். அதைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை வளையம், அதற்கு வெளியே பிளாஸ்டிக் உறை மடிந்திருக்கும் விளிம்பு. அந்த விளிம்புக்கு அடியில் இருக்கும் உலோகம் மைனஸ். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே இருப்பது ஓரிரு மில்லிமீட்டரும் அந்த உறையும்தான். நகத்தால் உரிந்துபோன உறையோடு சட்டைப் பையில் சாவிக்கொத்து பக்கத்தில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். மாற்று செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும். உறை கிழிந்தால் புது உறை போடும்வரை பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு பொறி 14500. உருவத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். ஏஏ மட்டும் கேட்கும் விளக்கில் இதைப் போட்டால் சர்க்யூட் கருகும்.

மாடல்களில், ஃபீனிக்ஸ் எச்எம்65ஆர் மெக்னீசியம் உடல், 18650 செல். தூரத்துக்கு ஒரு கண், பக்கத்துக்கு ஒரு கண் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான். இருட்டில் தடவியே எதை அமுக்குகிறோம் என்று தெரிவது பெரிய வசதி. விலைதான் கையைக் கடிக்கும். சோஃபிர்ன் எச்எஸ்40 போன்ற எல்-வடிவ விளக்குகளும் 18650-இல் ஓடுபவை, விலையில் இறங்கி வருபவை. தலைப்பட்டையிலிருந்து உருவினால் கை டார்ச்சாகவும் ஆகும் என்பதால் மெக்கானிக் வேலைக்கு இந்த வடிவம்தான் முதல் சிபாரிசு. சில நிறுவனங்கள் காந்தத்தால் ஒட்டும் தனி சார்ஜிங் கேபிள் தருகின்றன. அழகாகத்தான் இருக்கிறது, கேபிள் தொலைந்தால் விளக்கும் தொலைந்தது. யுஎஸ்பி-சி இருப்பதை எடுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: மலிவு விளக்குகளின் சி சாக்கெட்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போடாமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். புது போன் சார்ஜரில் சி-க்கு-சி கேபிள் போட்டால் ஏறவே ஏறாது. விளக்கு கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்புமுன் பழைய ஏ-க்கு-சி கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

பின்மண்டையில் பெட்டி, அதில் இரண்டு 18650 பக்கம் பக்கமாக, அங்கிருந்து முன்னால் ஒரு வயர் என்று வரும் விளக்குகளில் வயர்தான் பலவீனம். சாய்க்கும் கீலுக்குப் பக்கத்தில், ரப்பருக்கு உள்ளேயே அறுந்து, தலையை ஆட்டினால் மினுக்கும். செல் மாற்றும்போது இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு சார்ஜில் மாற்ற வேண்டும். ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் போட்டால், நிறைந்தது காலியானதுக்குள் வேகமாகக் கொட்டிச் சூடேறும்.

இனி வெளிச்சத்துக்கு வரலாம். கை எட்டும் தூரத்து வேலைக்கு 30 முதல் 80 லூமன் போதும். அதற்கு மேல் போனால் வெள்ளை சுவிட்ச் போர்டிலிருந்து திரும்பும் கூச்சம் நம் கண்ணையே மறைக்கும். பெட்டியில் 1000 என்று இருப்பது, எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி விளக்கைப் போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளந்தது. சில நிமிடத்தில் சூடு தாங்காமல் விளக்கே பாதிக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். ஓடும் நேரமும் அந்த முறையில் முதல் வெளிச்சத்தின் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை எண்ணப்படுகிறது. "50 மணி நேரம்" என்பதில் கடைசிப் பல மணி நேரம் மின்மினிப்பூச்சிதான்.

அதைவிட முக்கியம் நிறம் தெரிவது. சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற எண், 90-க்கு மேல் இருந்தால் ரெசிஸ்டரின் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு வளையங்கள் தனித்தனியாகத் தெரியும். 70 உள்ள நீல வெள்ளையில் மூன்றும் ஒன்றுதான். அழுக்கேறிய பழைய வயரிங்கிலும் இதே கதை. சிவப்பு விளக்கு வசதியை மின்வேலையில் தொடவே கூடாது: அந்த ஒளியில் சிவப்பு வயரும் வெள்ளை வயரும் ஒன்றாகும், கறுப்பு நியூட்ரலும் பச்சை எர்த்தும் ஒரே இருட்டாகும்.

வெளிச்சத்தைக் குறைக்க எல்இடியை வேகமாக அணைத்து ஏற்றும் மலிவு சர்க்யூட்டுகளும் உண்டு. போன் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடும். அந்த வெளிச்சத்தில் சுற்றுகிற மோட்டார் விசிறி நிற்பதுபோலத் தெரியலாம். லேத், பம்ப்செட், மாவு மில் பக்கம் இந்த விளக்குகளைக் கொண்டுபோகாதீர்கள்.

பூப்பறிப்புக்கும் பால்வெட்டுக்கும் வேறு தேவை. குளிர்ந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சி வந்து முகத்திலேயே மொய்க்கும், 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) பக்கம் உள்ள மஞ்சள் ஒளிக்குக் குறைவு. ஒளி ஒரே பொட்டாக விழாமல் பரவலாக விழ வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மொட்டுக்கும் தலையை ஆட்ட வேண்டியிருக்கும். தண்ணீர் தாங்கும் தரத்தில் தூறலுக்கு ஐபிஎக்ஸ்4 போதும், வாய்க்காலில் விழ வாய்ப்பிருந்தால் ஐபிஎக்ஸ்7. மூடியின் திருகுப்பக்கம் இருக்கும் ஓ-ரிங்கில் தூசி இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மாதம் ஒருமுறை துணியால் துடைத்துச் சொட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் உப்பிவிடலாம்.

எலக்ட்ரீஷியன்களுக்குத் தனியாக ஒன்று. உலோக உடலும் காந்த அடியும் உள்ள விளக்கு தலைப்பட்டையிலிருந்து நழுவி, கரண்ட் ஓடும் திறந்த உலோகச் சட்டமான பஸ்பார் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உடல், தலைக்கு மேலாகவும் ஒரு பட்டை, ஹெல்மெட் என்றால் நான்கு கிளிப். பெட்ரோல் ஆவியோ சாக்கடை வாயுவோ நிற்கும் இடத்துக்கு இங்கே சொன்ன எந்த விளக்கும் ஆகாது. அதற்கென்று தீப்பொறி எழாதபடி சான்றளித்த விளக்குகள் தனியாக உண்டு.

வேலை முடிந்ததும் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பொத்தான் பைக்குள் அமுங்கி எரியாது, எலக்ட்ரானிக் சுவிட்ச் துளித் துளியாக உறிஞ்சுவதும் நிற்கும். திருகுப்புரி பூச்சில்லாமல் பளபளவென்று இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது செல்லையே வெளியே எடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் செல்லைப் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. மீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் செல்லை வேறு பேட்டரியோடு சேர்த்து "எழுப்பும்" யூடியூப் வித்தை வேண்டாம். முனையில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.