லாக்டெப்பா, ஹங்-டாஸ்க் டிடெக்டரா?

பாளையங்கோட்டை லேப்பில் ஃபைல்சிஸ்டம் பூட்டோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளே, முதலில் 'ப்ரூவ் லாக்கிங்' என்ற தேர்வைப் போட்டு கர்னலை (லினக்ஸின் மையக்கரு) கட்டுங்கள். 2006 முதல் லினக்ஸில் இருக்கும், பூட்டு வரிசைத் தவறைப் பிடிக்கும் லாக்டெப் அதில்தான் முழுதாய் விழிக்கும். நெல்லையப்பர் தேர் ரத வீதியை ஒரே திசையில்தான் சுற்றும். பூட்டு வரிசையும் அப்படித்தான். ஒரு த்ரெட் (தனியாய் ஓடும் வேலை) ஐநோட் (கோப்பின் விவரப் பதிவு) பூட்டுக்குப் பின் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) பூட்டை எடுக்க, இன்னொன்று தலைகீழாய் எடுத்தால், வெவ்வேறு நேரத்தில் ஓடியிருந்தாலும், ஒன்றுக்கொன்று காத்து முடங்குமுன்னே லாக்டெப் சொல்லிவிடும். முதல் அறிக்கையோடு அணைந்துவிடும், ரீபூட் செய்யுங்கள். தாய் அடைவு, சேய் அடைவு இரண்டையும் பூட்டினால் 'ஒன்றுக்குள் ஒன்று' என்ற நெஸ்டட் குறிப்பு தராவிட்டால் பொய்யாக அலறும்.

ஹங்-டாஸ்க் டிடெக்டரோ, ஒரு டாஸ்க் 120 வினாடி 'டி' நிலையில் (எழுப்ப முடியாத காத்திருப்பு) கிடந்த பிறகே அதன் ஸ்டாக்கை (எந்தெந்தச் சார்பு வழியாக வந்து நின்றது என்ற பட்டியல்) தரும். ஆனால் பேஜ் லாக்கை (நினைவகப் பக்கத்தின் பூட்டு) லாக்டெப் பார்ப்பதில்லை. ரைட்பேக்கில் (நினைவகத்து மாற்றங்களை வட்டில் எழுதும்போது) உறைந்தால் ஹங்-டாஸ்க் டிடெக்டர்தான் துணை. அவசரமென்றால் சிஸ்ரிக்யூ (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் விசை) 'டபிள்யூ' அப்படி முடங்கிய டாஸ்க்குகளை உடனே காட்டும்.