அம்மாவுக்கு ரத்த டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா?

அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் சிறுநீரக செல்களில் ஆக்சிஜன் கழிவுகள் மிஞ்சிப்போகும்; அவை டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கிளப்பிவிடும். புண்ணை ஆற்றுகிற புரதம்தான். ஓயாமல் ஆற்றிக்கொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டியெல்லாம் தழும்பாகிவிடும். அப்படித்தான் அம்மாவுக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

முதலில் மூன்று மாதம் ரத்த டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி விடுவது. வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். நர்ஸுகளே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், முதலமைச்சர் காப்பீடும் உண்டு. ஆனால் குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் போய்வந்தால் அன்றைய ரப்பர் பால்வெட்டு போச்சு. இயந்திரத்தின் சவ்வில் ரத்தம் படும்போது வெள்ளணுக்கள் உசுப்பப்பட்டு, அதே ஆக்சிஜன் தொல்லை அங்கேயும் உண்டாகும். அம்மா வந்து படுத்தால் மறுநாள்தான் எழுவார்.

அப்புறம் வயிற்று டயாலிசிஸுக்கு மாறினோம். பையிலிருக்கும் கரைசலை வயிற்றுக்குள் விட்டால், வயிற்றின் உள்சவ்வு வழியாகக் கழிவும் மிகை நீரும் அதில் இறங்கும்; பிறகு அதை வெளியே எடுத்துவிட்டுப் புதுசு விட வேண்டும். தினம் நான்கு தடவை, இரண்டு லிட்டர் பை. மாதத்துக்கு 120 பை. ரப்பர் ஷீட் போட்டிருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். பை மாற்றும்போது ஃபேன் ஓடக்கூடாது, வாயில் மாஸ்க், கையில் ஒட்டிய பாலைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். வெளியே வரும் நீர் கலங்கியிருந்தால் கிருமி புகுந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. ஒருமுறை ஓடியிருக்கிறோம்.

சுத்தம்கூடப் பழகிவிடும். எனக்குப் பெரிய வேலை அம்மா கருவாடு தின்னாமல் காப்பதுதான். பையில் இருப்பது சர்க்கரைக் கரைசல், 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று வரும். உப்பு தின்றால் தாகம், தண்ணீர், கால் வீக்கம். அதை இழுக்க 4.25 வேண்டும். அந்தச் சர்க்கரை படப்பட, சிறுநீரகத்தைக் கெடுத்த அதே டிஜிஎஃப்-பீட்டா இப்போது வயிற்றுச் சவ்வைத் தடிக்க வைக்கும். தடித்த சவ்வு நீரைச் சரியாக இழுக்காது. "மக்கா, ஒரு துண்டு நெத்திலி தா" என்று அம்மா கேட்கும்போது நான் அந்தச் சவ்வைத்தான் நினைக்கிறேன். தினமும் காலையில் எடை, மாலையில் கால் வீக்கம், ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கடந்த மாதம் 4.25 இரண்டே தடவை.

குறையும் உண்டு: கரைசலின் சர்க்கரை உடம்பில் ஏறுவதால் இன்சுலின் கூடியிருக்கிறது. வீட்டில் பை மாற்ற ஆள் இல்லாதவர்களுக்கு ரத்த டயாலிசிஸே நல்லது. நல்லவேளையாக, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது. அது வற்றாமல் நீடிக்க வயிற்று முறை உதவும் என்பார்கள்.

எங்கள் அனுபவம் பதினான்கு மாதம்தான். சவ்வு ஐந்தாறு வருடம் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் அம்மாவின் இடது கையில் ஊசி குத்தவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடுவதில்லை. ஒருவேளை பழைய இயந்திரத்துக்கே திரும்ப நேர்ந்தால் ஃபிஸ்டுலா வைக்க, அதாவது இயந்திரத்தோடு இணைக்கத் தோதாகக் கையின் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்க, அந்தக் கையின் ரத்தக்குழாய் கெடாமல் இருக்க வேண்டும்.